முதல் இரண்டு கேள்விகள்

தேர்வு அறையில் குளிர் எப்போதும் கொஞ்சம் அதிகம். எங்கள் ஊர் ஆகஸ்டு வெயிலில் கோழிகள் அவித்த முட்டையாகவே இடும்; அதிலிருந்து உள்ளே வந்தால் பல் கிட்டிக்கும். அதனால் என் சொந்தச் செலவில் நான்கு கம்பளிச் சால்வைகள் வாங்கிக் கதவருகே மாட்டிவைத்திருந்தேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள், வக்கீலம்மா. கல்லூரி உங்களை அனுப்பியது என் குற்றத்தை விசாரிக்கத்தான். சால்வையைப் பற்றி அவர்கள் சொல்லியிருக்கமாட்டார்கள்.

என் பெயர் அமடோர் சில்வெய்ரா. வயது எழுபத்தொன்று. அப்பா போர்ச்சுகலின் அசோர் தீவுகளிலிருந்து கலிஃபோர்னியாவுக்கு வந்து மாடு கறந்தார். மாடுகளுக்கு என்னைப் பிடிக்காததால் நான் கணக்குப் பக்கம் வந்தேன். இந்த இரண்டாண்டுக் கல்லூரியில் யாரும் சேரலாம். ஆனால் எந்தக் கணக்கு வகுப்பில் உட்கார வேண்டும் என்பதை என் பொறுப்பிலுள்ள இந்தத் தேர்வு அறைக் கணினிதான் சொல்லும். உச்சியில் கல்லூரிக் கணக்கு. அதில் தேறினால்தான் பட்டம், பல்கலைக்கழகம், நர்ஸ் படிப்பு எல்லாம். அதற்குக் கீழே நான்கு படிகள், படிக்கு ஆறு மாதம். அடிப்படியில் பின்னத்தைக் கூட்டுவார்கள். அங்கே தொடங்கிய நூறு பேரில் உச்சியைத் தொட்டவர்கள் ஆறு பேர். இந்தக் கணக்கு எனக்கு நன்றாகத் தெரியும். அதை அச்சடித்து என் அறைச் சுவரில் ஒட்டியவனே நான்தான்.

அந்தக் கணினி ஒரு விசித்திரப் பிராணி. முதல் இரண்டு கேள்விக்குச் சரியாகப் பதில் சொன்னால் அடுத்துக் கடினமாகக் கேட்கும். அவற்றில் தவறினால், இந்த ஆளுக்கு இவ்வளவுதான் என்று முடிவுகட்டிவிடும். பிறகு நீங்கள் எத்தனை சரியாகப் போட்டாலும் பின்னத்தைத் தாண்டி எதுவும் கேட்காது. பெண் பார்க்க வந்து வாசலிலேயே முகம் சுளித்துவிட்ட மாமியாருக்கு அப்புறம் எத்தனை பலகாரம் வைத்து என்ன?

பிறகு சமவாய்ப்பு நிதி வந்தது. நல்ல எண்ணத்தில் வந்த பணம். எனக்கு அதில் சந்தேகமே இல்லை. எந்தெந்தப் பிரிவு மாணவர்கள் பின்தங்கியிருக்கிறார்கள் என்று கல்லூரி ஒரு பட்டியல் அனுப்ப வேண்டும். இடைவெளி பெரிதானால் பணமும் பெரிது. அதில் கணக்கு உதவி மையம் திறந்தோம். பன்னிரண்டு மேசை, காப்பி இயந்திரம், பொறுப்பாளராக நான். முதல் வருடமே இடைவெளி குறைந்தது. டீன் மார்ஜரி பிளங்கெட் என்னைக் கூப்பிட்டனுப்பினார்.

"உங்க மையம் ரொம்ப நல்லா நடக்குது, அமடோர்."

"சந்தோஷம்ங்க."

"அதுதான் சிக்கல். அடுத்த வருஷம் காசு பாதியாயிடும். ஆறு மேசையை எடுக்கணும்."

"அப்ப கொஞ்சம் மோசமா நடத்தவா?"

அவர் சிரித்தார். "நான் அப்படிச் சொல்லவே இல்லப்பா."

உண்மைதான், அவர் சொல்லவில்லை. நான் யாருடைய மதிப்பெண்ணையும் தொடவுமில்லை; நீங்கள் கணினியைப் பிரித்துப் பார்த்தாலும் ஒன்றும் கிடைக்காது. நான் செய்தது ஒரு வாக்கியம். சால்வையைப் போர்த்திவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு, காதருகே குனிந்து சொல்வேன்: "முதல் ரெண்டு கேள்வி சும்மா கை பழகறதுக்குத்தான். அதுல மண்டைய ஒடச்சுக்காம ஏதோ ஒண்ண அமுக்கிட்டுப் போயிடுங்க."

பட்டியலில் உள்ள பிரிவினருக்கு மட்டுமே சொன்னேன். எல்லோரிடமும் சொன்னால் இடைவெளி எப்படி வரும்?

ரோசாரா பர்ரகான் அதற்கு அடுத்த ஜனவரியில் வந்தாள். மெக்சிகோக்காரி, முப்பத்தொரு வயது, இரண்டு பெண் பிள்ளைகள். பெரியவர்களைத் தன் ஊர் வழக்கப்படி 'டோன்' என்று மரியாதையாகக் கூப்பிடுவாள். கோடையில் பீச் பழக் கொட்டகையில் பெட்டி கட்டுவாள். மற்ற மாதங்களில் மருத்துவமனைப் பிரசவ வார்டில் தரை துடைப்பாள். ஆங்கிலம் தெரியாத தாய்மார்கள் வலியில் கத்தும்போது டாக்டர்கள் இவளைத்தான் கூப்பிடுவார்கள். வந்து மொழிபெயர்த்துவிட்டு மறுபடி துடைப்பத்தை எடுப்பாள். அதே வார்டில் நர்ஸாக நிற்க வேண்டும் என்பதுதான் அவளுடைய ஒரே ஆசை. அதற்கு வேண்டியது புள்ளியியல், கல்லூரிக் கணக்கில் ஒரே ஒரு பாடம்.

தேர்வு முடிந்து குழம்பிப்போய் வெளியே வந்தாள்.

"டோன் அமடோர், நான் மிச்சோவாகான்ல சைன், கோசைன் வரைக்கும் படிச்சவ. இது கடைசி வரைக்கும் பின்னத்தையே கேக்குது?"

"முதல் தடவ எல்லாருக்கும் அப்படித்தான் பொண்ணே. நீ கெட்டிக்காரி. விட்டுடாத."

அவள் விடவில்லை. பீச் அறுவடை வந்தால் வகுப்பு தவறும். வகுப்பு தவறினால் அதே படியில் மறுபடி. இதற்கிடையில் மையத்தில் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தாள். அவளைப் போல ஒரு ஆசிரியை எனக்கு வாய்த்ததில்லை. "அண்ணே, பீச்ச நாலா வெட்டினா நாலு துண்டு. நீங்க அஞ்சு எண்றீங்க. அந்த அஞ்சாவது எந்தக் கடையில வாங்கினது?" என்று ஒரு டிராக்டர் மெக்கானிக்கைக் கேட்பாள். மேசையே சிரிக்கும். படிகளைத் தாண்டிவிட இரண்டு முறை மறுதேர்வு எழுதினாள். இரண்டு முறையும் நான்தான் சால்வை போர்த்திவிட்டேன். இரண்டு முறையும் அந்த வாக்கியத்தைச் சொன்னேன். நான் சொன்னதால் அவளும் நம்பினாள்.

அப்புறம் புதுச் சட்டம் வந்தது. தேர்வே வேண்டாம், பள்ளி மதிப்பெண்ணைப் பார்த்து நேரே கல்லூரிக் கணக்கில் உட்காரவையுங்கள் என்றது. பக்கத்து மாவட்டக் கல்லூரி உடனே மாறியது. எங்கள் கல்லூரியைக் கெடுவின் கடைசி நாள்வரை இழுக்கச் சொல்லி மனு எழுதிக்கொடுத்தவன் நான். மையம் நன்றாக நடந்துகொண்டிருந்ததே.

அந்தச் சமயத்தில் ஒரு நாள், தேர்வு எழுத வந்த கொட்டகைக்காரப் பெண் ஒருத்தியிடம் நான் குனிந்து பேசிக்கொண்டிருந்தேன். ரோசாரா தாள் வாங்க வந்து கதவருகே நின்றிருக்கிறாள். அடுத்துப் பல் டாக்டரின் மகள் வந்து உட்கார்ந்தாள். அவளிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. ரோசாரா இரண்டையும் பார்த்திருக்கிறாள். தாளை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அந்த வாரமே எனக்குத் தெரியாமல் பக்கத்து மாவட்டக் கல்லூரியில் சேர்ந்தாள்; மையத்துக்கும் வழக்கம்போல வந்துகொண்டிருந்தாள். நாற்பது மைல். அவளுடைய பழைய பள்ளிச் சான்றிதழைப் பார்த்து நேரே புள்ளியியல் வகுப்பில் உட்காரவைத்தார்கள். பதினாறு வாரத்தில் முதல் தரத்தில் தேறினாள். வகுப்புக்கான ஆய்வாக அவள் எடுத்துக்கொண்டது என் அறையை. நான் யாரிடம் குனிந்து பேசினேன், யாரிடம் பேசவில்லை, அவர்கள் எந்தப் படிக்குப் போனார்கள் என்று எழுதிவைத்திருக்கிறாள். பேசியது அறுபத்தொரு பேரிடம், பேசாதது இருபத்திரண்டு. உங்கள் கையில் இருக்கிற புகார் அந்த ஆய்வின் நகல்தான். பார்த்தேன். பிழையே இல்லை.

புகார் கொடுத்த பிறகு ஒரு மதியம் மையத்துக்கு வந்தாள்.

"ஏன், டோன் அமடோர்?"

"நீ போயிட்டா இந்த மேசைக்கு யாரு?"

"நாலு வருஷம்."

"நாலு வருஷமும் உனக்குக் காப்பி இனாம்."

அவள் சிரிக்கவில்லை. "நாலு வருஷமும் நான் மக்குன்னே நம்பிட்டேன். ராத்திரி பகலா நம்பினேன். இல்லன்னு சொன்ன ஒரே ஆளு நீங்கதான்."

"அது உண்மைதானே? நீ மக்கு இல்லன்னு எனக்குத் தெரியும்."

"தெரியும்" என்று திருப்பிச் சொன்னாள். பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

மொத்தம் எத்தனை பேர் என்று கேட்டீர்கள். ஆயிரத்து நூற்றுப் பதினெட்டு. கணக்குக்காரன் என்பதால் தேதிவாரியாகக் குறித்துவைத்திருக்கிறேன், நோட்டைத் தருகிறேன். அவர்களில் பாதிப் பேர் இரண்டாம் படிக்கு முன்பே நின்றுவிட்டார்கள். இருந்தவரை ஒவ்வொருவருக்கும் மேசை இருந்தது, சொல்லிக்கொடுக்க ஆள் இருந்தது. வேறு எந்தக் கல்லூரியில் அவர்களை அப்படிக் கவனித்திருப்பார்கள்?

எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிறேன். எனக்கு ஆறாதது ஒன்றுதான். டிசம்பரில் அவளுக்கு மதிப்பெண் வந்த அன்றும் அவள் என் பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தாள். ஐந்து மணிவரை பின்னம் சொல்லிக்கொடுத்தாள். போகும்போது காப்பிக் கோப்பையைக் கழுவிவைத்தாள். நாலு வருடம் பெற்ற மகள்போல் பார்த்துக்கொண்டவனிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

கையெழுத்துப் போட்டுவிடுகிறேன், பேனாவைக் கொடுங்கள். ஒரே ஒரு திருத்தம். மூன்றாம் பக்கத்தில் நம்பிக்கைத் துரோகம் என்று எழுதி எதிரே என் பெயரைப் போட்டிருக்கிறீர்கள். அதை அடித்துவிட்டு அவள் பெயரை எழுதுங்கள்.