பால்காரன் சொன்ன சாட்சி

நம்பறதும் நம்பாததும் உங்க இஷ்டம் சார். நானே இந்தக் கதைய ரொம்ப வருஷமா முழுசா நம்பனதில்ல. நம்பனா மாதிரி இருந்தேன், அவ்ளோதான். இல்ல இல்ல, போனை நிறுத்தாதீங்க, சவுண்டு எனக்குத் தொந்தரவு இல்ல. திருப்பதி பஸ் ஸ்டாண்டுல ஏறனதுலேர்ந்து அந்த வக்கீலம்மா கொரலத்தான் கேட்டுக்கினு வரேன். அது எந்த எபிசோடுன்னு சத்தத்துலயே தெரிஞ்சிடுச்சி. அதான் பேச்சு குடுத்தேன்.

பால்காரன் கூண்டுல ஏறிட்டானா? ஓ, உங்களுக்கு இது ரெண்டாந்தபாவா? அப்ப பேசலாம். முடிவ கெடுத்த பாவம் எனக்கு வேணாம், மொட்டை அடிச்சி சந்தனம் கூட காயாம வந்துக்கினு இருக்கீங்க.

எங்க ஊர்ல நாலு நாளா இதே பேச்சுதான். நகரிக்கு இந்தாண்ட சின்ன ஊரு சார். வூட்டுல தமிழ், பள்ளிக்கூடத்துல தெலுங்கு, டிவியில ரெண்டும். இந்த கோர்ட்டு சீரியல தமிழ்ல ஒருதபா பாத்துட்டு, தெலுங்குல டப்பிங் வரும்போது இன்னொருதபா பாக்கற ஜனம். முடிவு மாறிடுமான்னு பாக்கறாங்களோ இன்னாவோ.

என் சம்சாரம் சுலோசனா அந்த பால்காரன வஞ்சா பாருங்க. பால்ல தண்ணி ஊத்தறவன் வாயில மெய் எங்கேர்ந்து வரும்னா. தெருவுல எல்லா வூட்டுலயும் அதே டிவிதானே, கொரலு கதவுக்குக் கதவு தாண்டி வருது. கெணத்துல ஆள தள்ளனத பாத்தேன்னு அவன் சாட்சி சொன்னான்ல, அப்பால வக்கீலம்மா கேட்டுச்சில்ல, நீ நின்ன எடத்துக்கும் கெணத்துக்கும் நடுவுல இன்னா இருந்துச்சின்னு. அவன் ஒண்ணுமில்லம்மா, வெட்டவெளின்றான். அந்தம்மா போட்டோவ எடுத்து ஜட்ஜிகிட்ட நீட்டுது. நடுவுல ரெண்டாள் ஒசரத்துக்கு வைக்கப்போரு. எதுத்த வூட்டுல விசிலே அடிச்சாங்க சார். சுலோசனா மட்டும் ரிமோட்ட எடுத்து சேனல மாத்திட்டா. ஏன் மாத்தனேன்னு நானும் கேக்கல. அதுல எவனோ கத்திரிக்காய நாலா கீறிக்கினு இருந்தான். ரெண்டு பேரும் அத்தயே பாத்துக்கினு குந்தியிருந்தோம்.

மறுநாளு பையன் போன்ல கமெண்டெல்லாம் படிச்சிக் காட்டனான். பொய் சாட்சி சொல்றவன் நாக்க அறுக்கணும்னு ஒருத்தன் எழுதியிருக்கான், அதுக்கு நானூறு பேரு கட்டவெரல் போட்டிருக்கான். மேடம் அந்த புடவ எந்தக் கடைன்னு ஒரு பொம்பள. பால்காரரா நடிச்சவரு எங்க சொந்தக்காரரு, தங்கமான மனுஷன், திட்டாதீங்கன்னு ஒருத்தன் கெஞ்சறான். சிரிச்சிக்கினே கேட்டுக்கினு இருந்தேன். அந்த பால்காரன் பேச்சால உள்ள போனானே ஒருத்தன், அவன் வூட்டுல அன்னிக்கி ஒலை வெச்சாங்களான்னு ஒரு ஆளு எழுதல. கடைசி வரைக்கும் படிக்கச் சொன்னேன். இல்ல.

எனக்கு ஏன் இவ்ளோ அக்கறைன்னு பாக்கறீங்க. நானும் கூண்டு ஏறனவன்தான் சார். சித்தூர் கோர்ட்டுல. தள்ளி குந்தாதீங்க, திருடனா இல்ல, சாட்சியாத்தான்.

இருபத்திரெண்டு வருஷம் ஆவுது. எங்க ஊர்ல வெங்கடசாமின்னு ஒருத்தரு, வெல்லம் காய்ச்சற ஆலைக் கொட்டா வெச்சிருந்தாரு. மாட்டுப் பொங்கலு அன்னிக்கி சாயங்காலம் அந்தக் கொட்டா பத்திக்கிச்சி. ஊர் ஜனமெல்லாம் மாட்டுக்குக் கொம்பு சீவி வண்ணம் அடிச்சிக்கினு ஊருக்குள்ள இருக்குது, கொட்டாவுல யாருமில்ல. வெங்கடசாமி ஓடிப்போயி வெல்ல மூட்டைய வெளிய இஸ்துக்கினு இருந்தாரு. கூரை மேல விழுந்துடுச்சி. மூணாம் நாளு செத்துட்டாரு.

ஏகாம்பரம்னு ஒருத்தன் அங்க அடுப்புத் தள்ளற வேல. காலனி ஆளு. பொங்கலுக்கு மொத நாளு, லேட்டா வந்தான்னு வெங்கடசாமி அவன பத்து பேரு முன்னால அறைஞ்சிட்டாரு. அவன் மண்ண வாரித் தூத்திக்கினு போனான், இந்தக் கொட்டா வெளங்காதுன்னு. எல்லாரும் பாத்ததுதான், நானும் பாத்தேன். அப்ப போலீஸ் இன்னா நெனைக்கும்? ஊரு இன்னா நெனைக்கும்? ஆனா பத்த வெச்சத பாத்த ஆளு வேணுமே.

பாத்த ஆளு என் மச்சினன். சுலோசனா தம்பி, திருவேங்கடம். அன்னிக்கி ராத்திரி வூட்டுக்கு வந்து என்னை மட்டும் பின்னால கூப்ட்டு சொன்னான். மாமா, கால்வா மதகுகிட்ட நின்னுகினு இருந்தேன், ஏகாம்பரம் கொட்டா வாசல்ல பனையோலைய கொளுத்தி கூரையில சொருகிட்டு ஓடனான், என் ரெண்டு கண்ணால பாத்தேன்னான்.  பாவம், பயந்துட்டான்னு தண்ணி குடுத்தேன்.

அவனே சொல்லியிருக்கலாமேன்றீங்க. சொல்லலாம். ஆனா அவனுக்கு அப்ப கவர்மெண்ட் பரீச்சை பாசாகி, போலீஸ் வெரிஃபிகேஷன் வர்ற நேரம். எங்க பக்கம் ஒரு வழக்கம் சார். உத்யோகத்துக்கு நிக்கற பையன் பேரு ஸ்டேஷன் காகிதத்துல வரவே கூடாது, நல்லதுக்கும் கூடாது கெட்டதுக்கும் கூடாது. பைக்கு எதுலனா மோதிடுச்சின்னா நைனா ஓட்டனதா எழுதிக் குடுப்பாரு. கைகலப்புன்னா அண்ணங்காரன் போயி நானுன்னு நிப்பான். அதுக்கு யாரும் பொய்னு பேரு வெக்கறதில்ல. வூட்டாளு வூட்டாளுக்காக நிக்கறது. மாமனாரு என் கையப் புடிச்சிக்கினாரு. அவன் கண்ணு பாத்தத உன் வாயி சொல்லப்போவுது, இதுல பொய் எங்க இருக்குதுன்னாரு. எனக்கும் அது நியாயமாத்தான் பட்டுச்சி. பட்டுச்சா, இல்ல பட வெச்சிக்கினேனான்னு இப்ப கேட்டீங்கன்னா தெரியாது.

அன்னிக்கி அந்த நேரத்துல நான் எங்க இருந்தேன்னா, எங்க வூட்டு வாசல்ல. மாட்டுக் கொம்புக்கு செவப்பு பெயிண்ட் அடிச்சிக்கினு. டப்பாவ புடிச்சிக்கினு நின்னவ சுலோசனா. அவளுக்குத் தெரியாதா? இருபத்திரெண்டு வருஷமா அத்தப் பத்தி ஒரு வார்த்த பேசனதில்ல.

கோர்ட்டுல எல்லாம் தெலுங்குதான். நேனு சூசானுன்னு சொன்னேன், நான் பாத்தேன்னு. தமிழ்ல கேட்டிருந்தா தடுமாறியிருப்பேனோ இன்னாவோ. ஏகாம்பரத்துக்கு கவர்மெண்ட்டு வெச்சிக் குடுத்த வக்கீலு, நம்ம சீரியல் அம்மா மாதிரி இல்ல. எத்தன மணி, இன்னா சட்ட போட்டிருந்தான், உனக்கு இன்னா விரோதம், அவ்ளோதான் கேட்டாரு. உக்காந்துட்டாரு. ஏகாம்பரம் என்னைப் பாக்கவே இல்ல. அவன் காலு வெரல பாத்துக்கினு நின்னான். பத்து வருஷம் போட்டாங்க, எட்டு வருஷத்துல வுட்டாங்க. நடுவுல அவன் பொண்டாட்டி செங்கம்மா செத்துப்பூட்டா. போலீஸ் அவன இட்டுக்கினு வர்றதுக்குள்ள எடுத்துட்டாங்க. வெறும் வாசல்ல கொஞ்ச நேரம் நின்னுட்டு திரும்பி ஜீப்புல ஏறனான். நான் எதுத்தாப்புல தெருவுல நின்னுகினு இருந்தேன் சார். அத்த நெசமாவே பாத்தேன்.

இது இன்னா, வடமாலப்பேட்டை டோல்கேட்டா? புத்தூர் தாண்டனா அப்பால நகரிதான். சொல்லிடறேன்.

எனக்கு வேண்டியது ஒண்ணே ஒண்ணுதான். ஏகாம்பரம் பண்ணானா, பண்ணலியா? பண்ணியிருந்தான்னா, நான் சொன்ன வழி தப்பு, உள்ள போன ஆளு சரி. அப்படியே வெச்சிக்கினு பொழப்ப ஓட்டிடலாம். பண்ணலைன்னா? அப்பப்ப திருவேங்கடத்த கேக்கலாம்னு தோணும். கல்யாணத்துல பாப்பேன், காரியத்துல பாப்பேன், எல எடுக்கறதுக்குள்ள கேட்டுடணும்னு இருப்பேன். மாமா இன்னும் கொஞ்சம் ரசம் போட்டுக்கோங்கம்பான். போட்டுக்குவேன். வந்துடுவேன்.

முந்தாநேத்து டீக்கடைக்குப் போனேன். கிரண்குமார் கடை. அவன் டிவியில அந்த எபிசோடு திரும்பப் போட்டுக்கினு இருந்தான். ஏழெட்டு பேரு, துன்னுக்கினு இருந்த போண்டாவ கையில வெச்சிக்கினு திட்டறான். செருப்பால அடிக்கணும்றான் ஒருத்தன். கழுதை மேல ஏத்தணும்றான் ஒருத்தன். இந்தாளுங்க பாதி பேரு என் கேசு நடந்தப்ப ஊர்ல இருந்தவங்கதான், ஒருத்தனுக்கும் ஞாபகமில்ல. மூலையில ஏகாம்பரம் குந்தியிருந்தான். இப்ப அவனுக்கு முட்டி மடங்காது, கால நீட்டிக்கினுதான் குந்துவான். அவன் மெதுவா சொல்றான், அவன ஏன்டா திட்டறீங்க, பால்காரன் இன்னா பண்ணுவான், எவனோ சொல்லிக் குடுத்தத ஒப்பிச்சான்னு. என்னைப் பாத்து சொல்லல. டிவியப் பாத்துதான் சொன்னான். அப்பால கிரண்குமார்கிட்ட, டேய், அவரு வந்து எத்தினி நேரம் ஆச்சி, அவருக்கு ஒரு டீ போடுன்னான்.

குடிச்சேன் சார். குடிக்காம எப்படி வர்றது?

குடிச்சிட்டு வூட்டுக்குப் போகல. காலு தானா மதகுக்குப் போச்சி. கோர்ட்டுல நான் நின்னதா சொன்ன எடம். இருபத்திரெண்டு வருஷத்துல அங்க போயி நின்னு பாக்கணும்னு தோணவே இல்ல பாருங்க. இப்ப அங்க மாந்தோப்பு, ஒண்ணும் தெரியல. சரி, அப்ப எப்படி இருந்துச்சின்னு யோசிச்சேன். போலீஸ்ல சொல்லி, கோர்ட்டுல சொல்லி, எனக்கு நானே சொல்லி, மனசுக்குள்ள ஒரு படம் ஆயிடுச்சி சார். மதகு, நடுவுல வெறும் தர, அந்தாண்ட கொட்டா, வாசல்ல ஓலையோட ஏகாம்பரம். தெளிவா தெரியும். அந்த வக்கீலம்மா கேட்ட கேள்விய எனக்கு நானே கேட்டேன். நடுவுல இன்னா?

கரும்பு.

ஆலை வெச்சிருக்கறவன் ஊரு கரும்பெல்லாம் ஆட்டிக் குடுத்துட்டு, தன் கரும்ப கடைசியாத்தான் வெட்டுவான். எங்க பக்கம் அப்படித்தான். பொங்கலுக்கு வெங்கடசாமி கரும்பு மொத்தமும் நின்னுகினு இருந்துச்சி, ஆள முழுங்கற ஒசரம். மதகுலேர்ந்து கொட்டா வாசலு வரைக்கும் அதான். எனக்கு எப்படித் தெரியும்னா, அவரு கருமாதி முடிஞ்சி, பாவம் அவரு சம்சாரம் ஒண்டியா நிக்குதேன்னு, மாசி மாசம் ஆள வெச்சி அத்த வெட்டிக் குடுத்தவனே நான்தான். கையில அறுத்த தழும்பு பாருங்க, இது அந்தக் கரும்பு. வெட்டனவனுக்கு ஞாபகம் இருக்குது, சாட்சி சொன்னவனுக்கு ஞாபகம் இல்ல. ரெண்டு பேரும் ஒரே ஆளு. இதுக்கு இன்னா பேரு சார்? மறதியா? மறதின்னு சொல்லிக்கலாம்.

அதான் இன்னிக்கி காலையில மொத பஸ்ஸுக்கே திருப்பதி போனேன். திருவேங்கடம் மாடி வூடு கட்டியிருக்கான், ஆபீசுக்கு கெளம்பிக்கினு இருந்தான். வாங்க மாமா, இட்லி துன்னுங்கன்னான். துன்னேன். அவனும் அந்த எபிசோடு பாத்திருக்கான் சார். அவனே பேச்ச எடுத்தான். பெல்ட்ட மாட்டிக்கினே சிரிக்கறான், அந்த பால்காரன மாதிரி மடையன் உண்டா மாமா, பொய் சொல்ல வர்றவன் நடுவுல இன்னா இருக்குதுன்னு கூடவா பாத்துட்டு வரமாட்டான்னு.

நான் கோவப்படல. கோவம் வரும்னு நெனைச்சிக்கினு போனேன், வரல. அலுப்பாத்தான் இருந்துச்சி. நகரி வந்துடுச்சி, பை எடுத்துக்கறேன், கொஞ்சம் கால நகத்துங்க. இன்னா கேட்டேனா? கை கழுவிட்டு வந்து அவன் எதுக்க குந்தி, சாதாரணமாத்தான் கேட்டேன். மதகுலேர்ந்து பாத்தா கரும்பு மறைக்கும், திருவேங்கடம். அந்தாண்ட பக்கம் கரும்பு ஆட்டிப் போட்ட சக்கை மேடு மறைக்கும். கொட்டா வாசல்ல ஓலை எரியறது ஒருத்தன் கண்ணுக்குத் தெரியணும்னா அவன் அந்த வாசல்லயேதான் இருந்திருக்கணும். அன்னிக்கி நீ எங்கப்பா நின்னுகினு இருந்த?