பாக்கெட் இல்லாத பேண்ட்

கம்பியைப் புடிச்சு உலுக்காதீங்க தம்பி, லிஃப்டு கோவிச்சுக்கும். விழாது, விழாது. எனக்குக் கல்யாணம் ஆன வருஷம் மாட்டுனது இது. ரெண்டும் அப்பப்ப நின்னுரும், ஆனா இதுவரைக்கும் விழுந்ததில்லை. கரண்டுதான் போயிருக்கு. இந்தக் கட்டடத்து லிஃப்டுக்காரன் நான், உங்க தலைக்கு மேலயே ஸ்டூல் போட்டு உக்காந்துட்டேன். என் செருப்பு தெரியுதுல்ல? அதைப் பார்த்தே பேசுங்க, பரவாயில்லை.

எந்த மாடிக்குப் போகணும்? ஓ, மேல் மாடி. மாஸ்டர்கிட்டயா? செல்வத்தை ஈர்க்கும் பயிற்சி. எத்தனையாவது படி? மூணா! அடேங்கப்பா. அதான் அந்தப் பையைப் பச்சப்புள்ளை மாதிரி அணைச்சிருக்கீங்க. மத்தியானத்துக்குள்ள கட்டணுமா? கட்டலாம், கட்டலாம். பணம் எங்க ஓடிரப் போகுது.

என்ன சத்தமா? டங்கு டங்குன்னா? அது புறா தம்பி. பக்கத்து லிஃப்டு குழியில குடும்பம் நடத்துது. புருஷன் பொண்டாட்டி சண்டை போல.

போன் பண்ணிப் பாக்குறதுதானே? வீட்டுலயே வச்சிட்டீங்களா? இருங்க, குனிஞ்சு பாக்குறேன். அட, உங்க பேண்ட்டுலயும் பாக்கெட் இல்லை! கீழ இருக்குற தையக்காரர் வேலைதானே? அவர் ரெண்டாம் படி முடிச்சவராச்சே. பாக்கெட்டுங்கிறது பணத்துக்கு ஜெயில், ஜெயிலைப் பார்த்தா யார் உள்ள வருவான்னு மாஸ்டர் சொல்லிட்டாராம். அன்னிலேர்ந்து இந்தத் தெருவுல ஒரு பேண்ட்டுலயும் பாக்கெட் கிடையாது. எதிர்த்த பேங்கு மேனேஜர் சாவிக்கொத்தை வாயில கவ்விக்கிட்டுப் போறார், குட்மார்னிங் சொன்னா உறுமுறார். ஒரு ஜேப்படிக்காரன் இந்த ஸ்டூல்ல உக்காந்து என்கிட்ட அழுதான் தம்பி. தொழிலே படுத்துருச்சு, எதுக்குள்ள கை விடுறதுன்னு. பொய்யா? அவன் இப்ப முதல் படியில சேர்ந்திருக்கான், போய்க் கேட்டுப் பாருங்க.

ம்? சத்தம் ஜாஸ்தி ஆகுதா? புறா இல்லை, இப்ப நல்லா கேக்குது. நாலாம் மாடி பல் டாக்டர். கடவாய்ப் பல் புடுங்கினாலே கட்டடம் ஆடும்.

எங்க வீட்டம்மாவும் முதல் படியில இருந்தவதான். முதல் பாடம் என்ன சொல்லுங்க? ஆங், கரெக்டு. அசையாம உக்காரு, வர வேண்டியது உன்னைத் தேடி வரும். இவ பீரோவைத் திறந்து வச்சிட்டு எதிர்ல பாய் போட்டு உக்காந்தா. சோறு நான் வடிச்சேன், துணி நான் துவைச்சேன், அவ கண்ணு மட்டும் பீரோவுல. வந்துச்சு தம்பி. முதல்ல எறும்பு வந்துச்சு. அப்புறம் வீட்டு ஓனர் வந்தார், வாடகைக்கு. கடைசியில பூனை வந்து, பீரோவுல ஏறி, குட்டி போட்டுச்சு. அதைப் போய் மாஸ்டர்கிட்ட சொன்னா, பெருக்கம் ஆரம்பிச்சிருச்சு, விட்டுராதேன்னு ரெண்டாம் படிக்கும் பணம் வாங்கிட்டார். ஆஸ்பத்திரியில அழுக்குத் துணி அலசி அலசி விரல் இடுக்கெல்லாம் வெந்து போனவ அவ. ரிட்டயர் ஆனப்ப வந்தது அத்தனையும் மேல போச்சு. இதே லிஃப்டுலதான் போச்சு.

நீங்க எதை வித்தீங்க? சலூனையா? நாற்காலி, கண்ணாடி எல்லாமேவா? கத்திரியுமா தம்பி? சரி, நாளைக்குக் காலையில எந்திரிச்சு என்ன பண்ணுவீங்க? அசையாம உக்காருவீங்க. சரிதான். வீட்டுல கட்டுன பொண்ணுக்குத் தெரியுமா?

தலையை எப்படி ஆட்டினீங்க, மேலேர்ந்து பார்த்தா தெரியலை. சரி விடுங்க. எனக்குத் தெரிஞ்சிருச்சு.

மனுசக் குரலா? திறங்கடான்னு கேக்குதா? அதெல்லாம் நாடகக்காரங்க தம்பி. மூணாம் மாடியில ஒத்திகை. ராஜாவை ஜெயில்ல போட்ட சீன். நல்லா நடிக்கிறான்ல? தொண்டை கிழியக் கத்துறான் பாருங்க.

அந்த பல்பா? மாடிப்படி பல்பு எரியத்தான் செய்யும், அது வேற லைனு. எனக்குப் பக்கத்துல ஃபேனா? அதுவும் வேற லைனு. ரேடியோவும்தான். விடமாட்டீங்க போலிருக்கே. மாஸ்டர்கிட்ட இதுல பாதி கேள்வி கேட்டிருந்தா சலூன் மிஞ்சியிருக்கும்.

சரி, சொல்லிர்றேன். கரண்டு போகலை தம்பி. ஃபியூஸ் கட்டை என்கிட்ட இருக்கு. என் சட்டையில பாக்கெட் உண்டு, அதுலதான் கிடக்கு. கோவப்படாதீங்க, உங்களை நிறுத்தணும்னு நான் நினைக்கவே இல்லை. இந்தக் கட்டடத்துல ரெண்டு லிஃப்டுக்கும் ஒரே ஃபியூஸ். பக்கத்துதை நிறுத்துனேன், நேரம் பார்த்து நீங்களும் இதுல ஏறியிருக்கீங்க.

பக்கத்துல யாரா? மாஸ்டர்தான். காலையில என்னைக் கூப்புட்டார். மௌன விரதத்துக்கு வெளியூர் போறேன், பெட்டியைக் கொஞ்சம் தூக்கி விடுய்யான்னார். பெட்டியா அது! என் தோள்பட்டை கழண்டுருச்சு. மௌனத்துக்கு இவ்வளவு கனமான்னு கேட்டேன், உஷ்னு விரலை வாயில வச்சார். மத்தியானம் வரைக்கும் வர்றதை வாங்கி வைக்கச் சொல்லி மேல மேஜையில மச்சானை வேற உக்கார வச்சிருக்கார். நான் பெட்டியையும் அவரையும் பக்குவமா உள்ள விட்டேன், கதவைச் சாத்துனேன், நாலுக்கும் மூணுக்கும் நடுவுல போறப்ப கட்டையைப் புடுங்கிட்டேன். மௌன விரதம் எப்படிப் போகுதுன்னு நீங்களே கேக்குறீங்களே.

எங்க வீட்டம்மா பாயைச் சுருட்டி வச்சிட்டு ஸ்டேஷனுக்குப் போயிருக்கா. அவகூடவே தையக்காரர், பேங்கு மேனேஜர் எல்லாரும் போயிருக்காங்க. ஜேப்படிக்காரன் மட்டும் வாசல்லயே நின்னுக்கிறேன்னுட்டான்.

உஷ். தெருவுல ஜீப்பு சத்தம் கேக்குதா? அசையாம இருந்தா வர வேண்டியது தேடி வரும்னு சொன்னார்ல, வந்துருச்சு.

கம்பியிலேர்ந்து கையை எடுங்க, கட்டையை மாட்டப் போறேன். அவர் ஏற்கனவே கீழன்னு அமுக்கி வச்சிருக்கார். நீங்களும் கீழன்னே அமுக்குங்க தம்பி. அந்தப் பையோட நேரா சலூனுக்குப் போங்க, வாங்குனவன் இன்னும் பூட்டை மாத்தியிருக்க மாட்டான்.