பங்கருக்குள் பதினொரு சாடி

குத்து. இராணுவ முகாமில் ஷெல் புறப்படும் சத்தம். எண்ணுகிறேன். ஒன்பதில் விழும். சனிக்கிழமை. காலை ஒன்பது இருபது.

ஐயா, என் தகப்பன், அம்மாவைப் பங்கருக்குள் தள்ளுகிறார். அடுத்தது நான். ஆறு பேருக்கு வெட்டிய குழி. இருவரோடு நிறைந்துவிட்டது. மற்ற இடமெல்லாம் திராட்சை இரசச் சாடிகள். பதினொன்று. வெளியில் ஐயாவும் தங்கச்சி ஜெசியும்.

"சாடியளைத் தாடா மேல!"

ரொறன்ரோவில், வோபர்ன் வீட்டில் இருந்து இதை எழுதுகிறேன். மகள் அனிற்றா நயாகராப் பக்கம் சின்னதாக வைன் தொழில் தொடங்குகிறாள். போத்தில் லேபலுக்குக் குடும்ப வரலாறு வேண்டுமாம். "ஜஸ்ற் நாலு வரி, அப்பா. ஹப்பியா எழுதுங்கோ."

எழுதலாம். என் பாட்டன் திராட்சைப் பந்தல் போட்டார். ஐயா இரசம் வடித்தார். சுற்றியிருந்த ஏழு கத்தோலிக்கக் கோயில்களிலும் பூசைக்கு எங்கள் வீட்டு இரசம்தான். எல்லாம் உண்மை. மீதியும் உண்மை.

பூசை இரசத்தில் எதுவும் கலக்கக் கூடாது. சூடு பட்டால் புளித்துவிடும். முந்தின வாரம் விழுந்த ஷெல்லில், சாடிகள் வைத்திருந்த கொட்டிலின் கூரை போயிருந்தது. வெயில் நேரே சாடிகளில். வியாழன் ஐயா வெளியூர் போனார். அம்மா காய்ச்சலில் படுத்திருந்தார். நானும் ஜெசியும் சாடிகளைப் பங்கருக்குள் இறக்கினோம். குளிர்ச்சியான இடம். என்னுடைய யோசனை. வயது பத்தொன்பது, பெரிய கெட்டிக்காரன் என்ற நினைப்பு.

வெள்ளி பின்னேரம் ஐயா வந்து பார்த்தார். ஏசவில்லை. "உது சனத்துக்கு வெட்டினது. விடிய ஏத்திப்போடு."

ஓம் என்றேன். விடிந்தது. தேத்தண்ணி குடித்தேன். பிறகு செய்யலாம் என்று இருந்தேன்.

முதல் ஷெல் தள்ளி விழுந்தது. மூன்று சாடி மேலே கொடுத்துவிட்டேன். ஜெசி வாங்கி வைக்கிறாள். நாலாவது என் கையில். குத்து. எண்ண மறந்துவிட்டேன்.

"ஜெசி, படு!" கத்துகிறேன்.

சாடியைப் போட்டிருந்தால் அவள் கையைப் பிடித்து இழுத்திருக்கலாம். போடவில்லை. பூசைக்குப் போவதைக் கீழே போடக் கூடாது என்று சின்ன வயதிலிருந்து பழகிய கை. இறுக்கிப் பிடித்தது. ஷெல் முற்றத்தில் விழுந்தது.

சாடியைத் தா என்று ஐயா கத்தியது ஜெசிக்கும் தனக்கும் இடம் எடுக்க. இரசத்தைக் காப்பாற்றத்தான் கத்தினார் என்று அம்மா நினைத்துவிட்டார். சாடிகளை இறக்கியதும் ஐயாதான் என்று நம்பினார். நான் திருத்தவில்லை. வெட்கம். பயம். அவ்வளவுதான்.

கனடா வந்தோம். ஐயாவின் நினைவுப் பூசைக்கு அம்மா ஒருமுறையும் வந்ததில்லை. "அந்த மனிசனுக்கு இரசம்தான் பெரிசு. என்ர பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போட்டார்." வருடா வருடம் இதே பேச்சு. நான் தனியாகப் போவேன். குருவானவர் கிண்ணத்தை உயர்த்தும்போது தலையைக் குனிந்துகொள்வேன்.

இன்று காலை இதையெல்லாம் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். வயது எண்பத்தாறு. கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். திரும்பப் போடவில்லை.

"எத்தினை சாடி மிஞ்சினது?" என்று மட்டும் கேட்டார்.

போனதன் கணக்கு இது. ஐயா, வயது ஐம்பத்திரண்டு. ஜெசி, பதினாறு. ஐயாவின் நல்ல பெயர், முப்பத்தைந்து வருடம். சாடி மூன்று.

மிஞ்சியது எட்டு. ஒன்றிலும் கீறல் இல்லை.