வாசலிலிருந்து நூலகம் வரை

வரைபடம் ஒட்டுவதற்குச் சோற்றுப் பசையை மிஞ்ச எதுவும் இல்லை, ஐயா. கடையில் விற்கும் பசை காய்ந்ததும் தாளைச் சுருட்டிவிடும். உங்கள் மேசையில் விரித்திருக்கிறீர்களே, அது நான் ஒட்டியது. ஓரங்கள் எவ்வளவு அழகாகப் படிந்திருக்கின்றன பாருங்கள். வாக்குமூலம் கேட்டீர்கள், சொல்கிறேன். படத்தைப் பார்த்தபடியே கேட்டால் உங்களுக்குச் சுலபமாக விளங்கும்.

என் பெயர் மிக்கேல். புதுச்சேரிக்கு வரப்போகும் சர்வகலாசாலையின் வளாகத்தைத் திட்டமிடும் கமிட்டிக்கு நான் காரியதரிசி. மில் வேலைநிறுத்தம் முடிந்த மறு வருஷம் இந்தப் பொறுப்பு என்னிடம் வந்தது. அதுவரை சர்க்கார் ஆபீசில் மற்றவர்கள் போட்ட படங்களை நகலெடுத்துக்கொண்டிருந்தவன் நான். அப்படிப்பட்டவனிடம் ஒரு ஊரையே வரையச் சொன்னால் அவன் என்ன ஆவான்? எனக்குத் தலைகால் புரியவில்லை. தட்டாஞ்சாவடிக்கு அப்பால் வெறும் புஞ்சைக் காட்டில் குடையை ஊன்றி நின்றுகொண்டு, இங்கே ரசாயனம், அங்கே சட்டம், அதோ வைத்தியம் என்று கையை நீட்டி நீட்டிச் சொல்வேன். மேய்கிற ஆடுகள் நிமிர்ந்து பார்க்கும். அவற்றுக்கும் விளக்குவேன்.

கமிட்டியைச் சமாளித்ததுதான் பெரிய கூத்து. நிலம் கொடுத்த தணிகாசல முதலியாருக்கு வாசல் கிழக்கே பார்க்க வேண்டும். சாமியாருக்கு எந்த ஜன்னலைத் திறந்தாலும் சிலுவை தெரிய வேண்டும். பிரெஞ்சுக்கார இஞ்சினியர் முசியேவுக்கு நேரத்துக்குச் சாப்பாடு வந்தால் போதும். பெண்கள் விடுதியை ஆண்கள் விடுதியிலிருந்து தள்ளி வை என்றார் முதலியார். இன்னும் தள்ளி வை என்றார் சாமியார். இருவர் பேச்சையும் கேட்டிருந்தால் அந்த விடுதி பிள்ளைச்சாவடியைத் தாண்டிக் கடலில் இறங்கியிருக்கும். நான் யாரிடமும் முறைத்துக்கொள்ளவில்லை. அவரவரிடம் தனித்தனியாகத் தலையாட்டிவிட்டு, கடைசியில் என் படத்திலேயே எல்லோரிடமும் கையெழுத்து வாங்கினேன். அன்று வீட்டுக்கு நான் நடந்து போகவில்லை, மிதந்து போனேன்.

அட்டையிலும் சுண்ணாம்பிலும் வளாகத்தின் சிறு மாதிரி ஒன்றும் செய்தேன். மில்லில் கழித்த பஞ்சைப் பச்சைச் சாயத்தில் தோய்த்து மரங்கள் வைத்தேன். குனிந்து பெரிய வாசல் வழியாகப் பார்த்தால் ஒரே நேர்கோடாகச் சாலை, இரண்டு பக்கமும் மரம், கோடியில் மணிக்கூண்டு வைத்த நூலகம். இடையில் கண்ணைத் தடுக்க ஒன்றும் இல்லை. நான் குனிந்து பார்ப்பதும் சிரிப்பதுமாக இருந்ததைக் கண்டு என் மனைவி, "என்னா உங்களுக்கு, பேய் கீய் புடிச்சிக்கிச்சா?" என்றாள். பிடித்திருந்தால் நல்ல பேய்தான் என்றேன். அவ்வளவு சந்தோஷமாக நான் என் கல்யாணத்தன்றுகூட இருந்ததில்லை.

அந்தச் சாலை வர வேண்டிய இடத்தின் நடுவில் மில் தொழிலாளி பிரகாசத்தின் ஓலை வீடு இருந்தது. அக்கம்பக்கத்தார் மாற்று மனை வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். பிரகாசம் மட்டும் தவணை கேட்டான்.

"ரோசாவுக்கு இது மாசம்யா. புள்ள பொறந்து, நாப்பது கழிஞ்சி, அவ கோயிலுக்குப் போயி மந்திரிச்சிட்டு வந்துட்டா மறுநாளே கெளம்பிடறோம்."

சரி என்றேன். அவன் நியாயமான மனிதன், நானும் அப்படித்தான். பிள்ளை பிறந்ததும் நன்றிக்காக என்னையே ஞானத் தகப்பனாக இருக்கச் சொன்னான். எங்கள் சனத்தில் ஞானஸ்நானத்துக்குத் தாய் வரமாட்டாள். நாற்பது நாள் கழிந்து கோவிலில் ஆசீர்வாதம் வாங்கும்வரை அவள் வாசற்படி தாண்டமாட்டாள். அதனால் குழந்தையைக் கோவிலில் ஏந்தியது நான். சகாயநாதன் என்று பெயர் கொடுத்ததும் நான். தலையில் தண்ணீர் விழுந்தபோது அவன் அழவில்லை, என் சட்டைப் பொத்தானைப் பிடித்துக்கொண்டான். இவனுக்கு வைத்தியமா சட்டமா என்று அங்கேயே யோசிக்க ஆரம்பித்துவிட்டேன்.

அதற்குள் செய்தி வந்தது. இடத்தைப் பார்த்து முடிவு சொல்ல பாரீசிலிருந்து ஒரு குழு கப்பலில் வருகிறது. வில்லியனூர் மாதா தேருக்கு அடுத்த திங்கட்கிழமை வாசல் வரும் இடத்தில் வந்து நிற்பார்கள். நின்றால் எதிரே என்ன தெரியும்? ஓலைக் கூரையும் கொடியில் காயும் துணியும் தெரியும். வீடு அடுத்த மாதம் போகப்போகிறதே, இருந்துவிட்டுப் போகட்டும் என்றார் இஞ்சினியர் முசியே. மிஞ்சினால் சாலையைச் சற்று வளைத்துக்கொள்ளலாம் என்றும் சொன்னார். எனக்குச் சோறு இறங்கவில்லை. முதல் பார்வை என்பது ஒரு முறைதான், ஐயா.

சனிக்கிழமை தேர். பிள்ளை நல்லபடியாகப் பிறந்தால் வடம் பிடிப்பதாகப் பிரகாசம் நேர்ந்துகொண்டிருந்தான். பெண்டாட்டியைத் தனியே விட்டுப்போக அவனுக்கு மனம் வரவில்லை.

"நேந்துக்கிட்டத வுட்டுடக் கூடாதுப்பா. போயிட்டு வா, நான் பாத்துக்கறேன்" என்றேன். கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனான்.

மத்தியானம் அங்கே போனேன். "யாரு, ஐயாவா? இப்பதான் தண்ணி ஊத்தினேன், தூங்கறான்" என்றாள் ரோசா உள்ளிருந்து. சுருட்டுக்கு நெருப்புக் கேட்டேன். குழந்தைக்குச் சாம்பிராணி காட்டிய தணலில் இரண்டைக் கொட்டாங்கச்சியில் எடுத்து, படி தாண்டாமல் நீட்டினாள். வாங்கிக்கொண்டேன். காற்று அடித்தது. பச்சைப் பிள்ளைக்குக் காற்றுப் படக்கூடாதே என்று கதவை நானே சாத்தி வெளி நாதாங்கியைப் போட்டேன். பிறகு கூரை தாழ்ந்திருந்த பக்கமாகப் போய்த் தணலை ஓலைக்குள் செருகினேன். சித்திரை வெயிலில் காய்ந்த ஓலை, ஊதக்கூட வேண்டியிருக்கவில்லை.

வாசல் வரும் இடத்தில் போய் நின்றுகொண்டேன். கதவு குலுங்கியது. ஐயா, ஐயா என்று என்னைத்தான் கூப்பிட்டாள். கூரை உட்கார்ந்ததும், புகைக்கு அப்பால், நூலகம் வரப்போகும் மேடு முதல் தடவையாக என் கண்ணுக்குத் தெரிந்தது. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, இல்லாத அந்தச் சாலையில் மேடுவரை சின்னப் பிள்ளை மாதிரி ஓடினேன்.

சாம்பிராணித் தணல் பறந்து பிடித்துக்கொண்டது என்றே எல்லோரும் நம்பினார்கள். பிரகாசம் என் தோளில் விழுந்துதான் அழுதான். நானும் அழுதேன், பொய்யாக இல்லை. திங்கட்கிழமை குழு வந்தது. சாம்பல் மேட்டைப் பார்த்து விசாரித்தார்கள். குழுவில் இருந்த ஒரு வெள்ளைக்கார மதாம் கண்ணீர் விட்டார். அங்கேதான் எல்லாம் கெட்டது. விபத்தில் இறந்த தாய்க்கும் பிள்ளைக்கும் அந்த இடத்தில் ஒரு நினைவுக்கல், சுற்றிலும் பூச்செடி, சாலை அதைச் சுற்றிக்கொண்டு போகும் என்று தீர்மானித்தார்கள். முதலியாரும் சாமியாரும் இதிலும் ஒத்துப்போகாமல் இருப்பார்கள் என்று பார்த்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு இருவரும் கையெழுத்துப் போட்டார்கள்.

என்னை யாரும் சந்தேகப்படவில்லை, ஐயா. நானாகத்தான் வந்திருக்கிறேன். நினைவுக்கல் விபத்துக்காக. நடந்தது விபத்து இல்லை. ரோசாவையும் குழந்தையையும் உள்ளே வைத்துக் கதவைத் தாழிட்டுக் கொளுத்தியது நான். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். விபத்தே இல்லையென்றால் கல் எதற்கு, வளைவு எதற்கு? என்னைக் கைதிகளை அனுப்பும் எந்தத் தீவுக்கு வேண்டுமானாலும் அனுப்புங்கள், சாலையை மட்டும் நேராகப் போடச் சொல்லுங்கள். சகாயநாதன் படிக்கப் போக வேண்டிய சாலை அது. ஞானத் தகப்பன் நான் ஒருவன் இருக்கும்போது, என் பிள்ளை எதற்குச் சுற்றிக்கொண்டு போக வேண்டும்?