பெரியவரின் மீசை

குளிர்ந்த தண்ணீரில் இறங்குவதற்கு முன்னால் டைவிங் ரப்பர் உடைக்குள் இரண்டு குவளை வெந்நீர் ஊற்றிக்கொண்டால் உடம்பு உதறாது, ஐயா. கை பொறுக்கிற சூடு போதும். கழுத்துப்பட்டையை விலக்கி மெதுவாக ஊற்ற வேண்டும். எங்கள் ஏரியில் இந்தப் பழக்கத்தைக் கொண்டுவந்தவன் என் மச்சினன்தான். தினமும் காலையில் இரண்டு பெரிய ஃபிளாஸ்க் நிறையக் கொண்டுவந்து வைப்பான். செய் என்று யாரும் அவனிடம் சொன்னதில்லை. இறந்தவனைப் பற்றி நல்லதை முதலில் சொல்லிவிட வேண்டும் என்பதால் இங்கிருந்து ஆரம்பிக்கிறேன்.

நீங்கள் டைவிங் பழகியவர் இல்லை என்று நினைக்கிறேன். கடல் மீன்கள் கல்யாணத்துக்குக் கிளம்பியவர்களைப் போல வண்ணவண்ணமாகத் திரியும். ஏரி மீன்கள் வீட்டு உடுப்பில் இருப்பவை. கெண்டை சேற்றை முகர்ந்துகொண்டு தன்பாட்டுக்குப் போகும். விலாங்கு உடைந்த குழாயிலிருந்து தலையை மட்டும் நீட்டி, கதவைத் தட்டியது யார் என்பதுபோல் பார்க்கும். தண்ணீரும் பச்சை. ஐந்தாறு மீட்டருக்கு அப்பால் கண் தெரியாது. இதைப் பார்ப்பதற்காக யாரும் விடுமுறை எடுத்துக்கொண்டு வரமாட்டார்கள். எங்கள் டைவிங் கடைக்கு வந்தவர்கள் பெரியவருக்காக வந்தார்கள்.

பெரியவர் ஒரு கெளுத்தி. ஆள் நீளம். பதினைந்து மீட்டர் ஆழத்தில், மூழ்கிப்போன படகுக்கு அடியில் படுத்திருப்பார். மீசை மட்டும் முழம் முழமாக வெளியே நீண்டிருக்கும். அவரை "அது" என்று சொன்னவர்களை நான் படகிலிருந்து இறக்கிவிட்டதுண்டு. பள்ளிப் பிள்ளைகள் அவரை வரைந்து அனுப்பிய படங்கள் எங்கள் கூடத்துச் சுவர் முழுக்க இருக்கின்றன. நீங்களே பார்த்திருப்பீர்கள்.

மூன்று வருடங்களுக்கு முன் ஒரு செவ்வாய்க்கிழமை விடிகாலையில் அவர் வயிறு மேலாக மிதந்துகொண்டிருந்தார். வயதாகிவிட்டது, வேறொன்றுமில்லை. கொட்டகைக்குப் பின்னால் மரியாதையாகப் புதைத்தேன். அன்று பத்து மணிக்கு ஒரு குடும்பம் வருவதாக இருந்தது. அந்த அம்மாவுக்குப் பெரிய அறுவை சிகிச்சை நடக்க இருந்தது. அதற்கு முன் ஒரு தடவை பெரியவரைப் பார்த்துவிட வேண்டும் என்று எழுதியிருந்தார். அன்றைக்கு மட்டும் தண்ணீர் கலங்கியிருக்கிறது என்று சொல்லி அடுத்த வாரம் வரச் சொன்னேன். அந்த ஒரு வாரத்தில் லாரி டயரின் டியூப், தார்ப்பாய், கொஞ்சம் ஈயக்கட்டி, மீசைக்கு இரண்டு துண்டு கறுப்பு ஒயர் எல்லாம் சேர்த்து அவரை மறுபடியும் உண்டாக்கினேன். அடுத்த வாரம் அந்த அம்மா மேலே வந்து, முகக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு அழுதார். "என்னையே பாத்தாருங்க" என்றார். ஐயா, அதை நான் பொய் என்று எப்படிச் சொல்வேன்?

ஒரே ஒரு விதிதான் வைத்தேன். பெரியவருக்கு நான்கு மீட்டர் தூரம் விட வேண்டும். வயதானவர், வெளிச்சம் கண்ணுக்கு ஆகாது என்று பலகையில் எழுதி மாட்டினேன். மக்கள் நல்லவர்கள். விதி இருந்தால் நம்பிக்கையும் கூடவே வந்துவிடுகிறது. அவர் முன்பைவிடப் பருத்துவிட்டார் என்றார்கள். ஒருத்தர் அவருக்கு மூட்டுவலி இருக்கும் என்றார். மீன்களைப் பற்றிப் பாடம் நடத்தும் பேராசிரியர் ஒருவர் அரை மணி நேரம் பார்த்துவிட்டு, மூச்சு மிக நிதானமாக இருக்கிறது, அதுதான் நீண்ட ஆயுளின் ரகசியம் என்று கட்டுரை எழுதினார். நகர மன்றம் எனக்கு "ஏரிக் காவலர்" என்று பட்டம் கொடுக்கத் தீர்மானித்தது. போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை விழா என்று நாள் குறித்தார்கள்.

அதற்கு முந்தின புதன்கிழமை என் மச்சினன் விதியை மீறினான்.

அவனுக்கு ஒரு வழக்கம் உண்டு. தண்ணீருக்குள் போகும்போதெல்லாம் இடுப்பில் ஒரு சின்னக் குறடு வைத்திருப்பான். தூண்டில்காரர்கள் விட்டுப்போன நரம்பையும் முள்ளையும் பொறுக்கி வருவான். வாயில் முள் மாட்டிய மீன் கண்ணில் பட்டால் போதும், விருந்தாளிகளைக்கூடக் காத்திருக்க வைத்துவிட்டு அதன் பின்னாலேயே போவான். நாற்பது வயது ஆள். என் மனைவிக்குக் கூடப் பிறந்தவன் அவன் ஒருத்தன்தான். "என் தம்பி மீனுக்கெல்லாம் டாக்டர்" என்று அவள் சொல்லிச் சிரிப்பாள்.

அந்தப் புதன்கிழமை பெரியவரின் இடது மீசையில் ஒரு தூண்டில் முள் மாட்டியிருப்பதைத் தூரத்திலிருந்தே பார்த்திருக்கிறான். பாவம், வலிக்குமே என்று பக்கத்தில் போயிருக்கிறான். முள்ளை எடுக்கும்போது கையுறை கிழிந்தது. மீசையும் கையோடு வந்துவிட்டது.

சாயங்காலம் சிலிண்டர்களில் காற்று நிரப்பிக்கொண்டிருந்தபோது அவன் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தான். கோபம் இல்லை. என்னை ஏமாற்றுக்காரன் என்று அவன் திட்டியிருந்தால் எனக்கு அது எளிதாக இருந்திருக்கும்.

"மீசையத் திரும்ப ஒட்டிட்டேன் மாமா," என்றான். "ஞாயித்துக்கிழமை வரைக்கும் உங்களுக்கு அசிங்கமா இருக்கக் கூடாதுல்ல."

"ஞாயித்துக்கிழமைக்கு அப்புறம்?"

"எல்லாரும் ஒண்ணா இருப்பாங்க. சொல்லிடலாம். ஒரே தடவையில முடிஞ்சுபோகும். நீங்க சொல்லும்போது நானும் பக்கத்துல நிக்கிறேன்."

ஜனங்கள் அதன் பிறகும் வருவார்கள் என்று அவன் உண்மையாகவே நம்பினான். நாணல் ஓரமாக ஒரு விரால் ஜோடி குஞ்சு பொரித்திருக்கிறதாம். சிவப்புப் புள்ளி வைத்த மேகம் மாதிரி குஞ்சுகள் நகர்கின்றனவாம். தாயும் தகப்பனும் சோறு தண்ணீர் இல்லாமல் கீழேயே காவல் நிற்கின்றனவாம். "உசிரோட இருக்குது மாமா, அதக் காட்டலாம்," என்றான். அவனுடைய குறை இதுதான். விரல் நீளக் குஞ்சுகளைப் பார்க்க இவ்வளவு தூரம் யார் வருவார்கள் என்று அவன் யோசிக்கவே இல்லை. அறுவை சிகிச்சை முடிந்து நன்றாக இருக்கிற அந்த அம்மாவின் மனம் என்ன பாடுபடும் என்றும் யோசிக்கவில்லை. நான் யோசித்தேன். இரண்டு நாள் யோசித்தேன்.

சனிக்கிழமை காலையில் அவனிடம், நீ சொல்வது சரிதான், விருந்தாளிகள் வருவதற்குள் நாம் இருவருமே இறங்கிப் பெரியவரை மேலே கொண்டுவந்துவிடலாம் என்றேன். அவன் முகம் மலர்ந்துவிட்டது. ஃபிளாஸ்கை எடுத்துவந்து முதலில் என் உடைக்குள் வெந்நீர் ஊற்றினான். அவனுக்கு மீதி கொஞ்சம்தான் இருந்தது.

எங்கள் கடையில் ஒரு முறை உண்டு. சிலிண்டர் முதுகில் இருப்பதால், ஒருவருடைய காற்று வால்வை மற்றவர்தான் திறந்துவிட வேண்டும். திறந்தவர் சொன்ன சொல்தான் கணக்கு. அவன் என்னுடையதை முழுவதும் திறந்தான். என் மார்பில் தொங்கும் மஞ்சள் குழாய், பக்கத்து ஆளுக்கு அவசரத்தில் கொடுப்பதற்கான உபரிக் குழாய், பட்டையில் சிக்கியிருந்தது. அதையும் எடுத்து நேராக்கிவிட்டான். நான் அவனுடையதைக் கால் சுற்று திறந்தேன்.

"திறந்தாச்சா மாமா?"

"திறந்தாச்சு மாப்ள."

இது பொய் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். திறந்துதான் இருந்தது. முழுவதும் என்று நான் சொல்லவில்லை. மூச்சு இழுத்துப் பார்க்கும்போது காற்றழுத்த மானியில் முள் ஆடுகிறதா என்று பார்ப்பது அவன் பொறுப்பு. அவன் இரண்டு மூச்சு இழுத்தான்; ஆனால் மானியைப் பார்க்காமல் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இழுத்தான். மேல்மட்டத்தில் அந்தக் கால் சுற்றுக் காற்று போதும். ஆழம் போகப் போக ஒவ்வொரு மூச்சுக்கும் அதிகக் காற்று வேண்டும். பதினைந்து மீட்டரில் போதாது.

பெரியவரின் முன்னால் அவன் என் பக்கம் திரும்பினான். கையைக் கத்திபோல் கழுத்துக்குக் குறுக்கே இழுத்துக் காட்டினான். காற்று இல்லை என்று அர்த்தம். பிறகு கையை நீட்டினான். பிடுங்க வரவில்லை. நான் கொடுப்பேன் என்று நீட்டிய கை அது. நான் கொஞ்சம் பின்னால் நகர்ந்தேன். அவன் மேலே கிளம்பப் பார்த்தான். அவன் கால் துடுப்பைப் பிடித்துக்கொண்டேன். அவசரமாக மேலே போனால் நுரையீரல் தாங்காது என்பது முதல் நாள் பாடம். எத்தனையோ பேருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். அவன் அடங்கியதும் விட்டுவிட்டு, நான்கு மீட்டர் தள்ளிப்போய் நின்று பார்த்தேன். அந்தத் தூரத்திலிருந்து பார்த்தால் எதுவும் தவறாக இருப்பதுபோல் தெரிவதில்லை.

பிறகு திரும்பிவந்து அவன் வால்வை முழுவதும் திறந்துவைத்தேன். மேலே வரும்போது ஐந்து மீட்டரில் மூன்று நிமிடம் நின்று வந்தேன். அதுவும் விதி. வெந்நீரின் சூடு அப்போதும் முதுகில் இருந்தது.

மீட்பு ஆட்கள் இருவரும் என் மாணவர்கள். நல்ல பயிற்சி. பெரியவரைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று நான்கு மீட்டருக்கு அப்பாலிருந்தே கயிற்றை வீசி, சுருக்குப் போட்டு உடலை இழுத்து எடுத்தார்கள். கரைக்கு வந்ததும் ஒருவன் என் தோளைத் தொட்டு, "பெரியவர் அசையாம காவல் இருந்தாரு மாஸ்டர்," என்றான். விழாவைத் தள்ளிவைத்தார்கள். மறுவாரம் பெரியவரைப் பார்க்க வந்த கூட்டத்தில் நிற்க இடமில்லை. என் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு, "கடைசி நேரத்துல நீங்களாவது அவன் பக்கத்துல இருந்தீங்களே," என்றாள். நான் மறுக்கவில்லை. பக்கத்தில்தான் இருந்தேன்.

நீங்களும் விபத்து என்றுதான் எழுதினீர்கள். என்னை ஸ்டேஷனுக்கு யாரும் கூப்பிடவில்லை. நானாக வந்ததற்குக் காரணம், நேற்று மீன்துறை ஒட்டிய அறிவிப்பு. கையுறையில் இருக்கிற கிழிசல் பல் பட்ட தடம் என்று எவரோ சொல்லியிருக்கிறார். பெரியவர்தான் ஆளைப் பிடித்து அமுக்கிவிட்டார், ஆபத்தானவர், திங்கட்கிழமை வலை போட்டுத் தூக்கப்போகிறோம் என்று எழுதியிருக்கிறார்கள். அதைப் படித்துவிட்டு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. இத்தனை வருடத்தில் ஒரு குழந்தையைக்கூட உரசாதவர் மேல் கொலைப்பழியா? என் மனசாட்சி ஒப்பவில்லை. அந்தக் கிழிசல் புதன்கிழமையின் முள்ளால் வந்தது. மச்சினனைக் கொன்றவன் நான்தான். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று சொல்லுங்கள், போடுகிறேன்.

வலையை மட்டும் நிறுத்திவிடுங்கள். இன்னொரு சின்ன விண்ணப்பம், ஐயா. கொலையை நீங்கள் எப்படி வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம். அவர் ரப்பர் என்று மட்டும் எழுத வேண்டாம். ஜனங்கள் மனம் உடைந்துபோவார்கள்.