மூடின கேட்டு

அமுதவல்லி: கேஸே வேணாம்னு சொல்லத்தான் வக்கீலம்மா நாங்க வந்தோம்.

வடிவேல்: அவ சொல்றா. நான் சொல்லல.

நிர்மலாதேவி: புருஷனும் பொண்டாட்டியும் ஒரே ஆட்டோவுலதான வந்தீங்க? வழியிலயே பேசி முடிச்சுட்டு மாடி ஏறியிருக்கலாமே.

வடிவேல்: நான் எங்க ஏறுனேன்... தூக்கிக்கினு வந்து உக்கார வச்சாங்க.

நிர்மலாதேவி: அய்யோ, மன்னிச்சுக்கங்க... ரயில் இடிச்சதுல இடது காலா?

வடிவேல்: முட்டிக்குக் கீழ ஒண்ணும் மிஞ்சல. தண்டவாளத்துல ஏறுனதும் என் லோடு வண்டி நின்னுபோச்சு. எறங்கறதுக்குள்ள...

அமுதவல்லி: அதை எத்தினி வாட்டி சொல்லுவீங்க!

நிர்மலாதேவி: நீங்க மொதல்ல உக்காருங்கம்மா. வாசலுக்கும் மேசைக்கும் நடந்துக்கினே இருந்தா எப்படி?

அமுதவல்லி: உக்கார முடியலம்மா. நீங்க சொல்லுங்க.

நிர்மலாதேவி: டிக்கெட் வாங்கி ரயில்ல போனவங்களுக்குத்தான் ரயில்வே டிரிப்யூனல். இவரு ரோட்டுல போனவரு. மோட்டார் விபத்துக் கோர்ட்டுல ரயில்வே மேல நஷ்டஈடு கேக்கலாம். ஆனா ஒண்ணு...

அமுதவல்லி: இன்னா?

நிர்மலாதேவி: ரயில்வே கேட்டு தொறந்திருந்துச்சுன்னு காட்டணும். மூடின கேட்டை இவரே தூக்கிட்டுப் போனாருன்னா, இவரு மேலயே கேஸ் பாயும்.

அமுதவல்லி: இவரே தூக்கினாருன்னு எழுதிக்கங்க.

வடிவேல்: ஏய்!

நிர்மலாதேவி: கால் போனது பத்தாதா? ஜெயிலுக்கும் போவணுமா மனுஷன்?

அமுதவல்லி: கேட் கீப்பர் பாவம்மா. சின்ன வயசு. வீட்டுல கைக்கொழந்த வேற...

நிர்மலாதேவி: அவரு வீட்டுக் கொழந்த உங்களுக்கு எப்படித் தெரியும்?

அமுதவல்லி: பேப்பர்ல... போட்டிருந்தான்.

நிர்மலாதேவி: நானும்தான் படிச்சேன். கொழந்தயக் காணோமே அதுல.

வடிவேல்: அவ எதையோ ஒளறுறா, வுடுங்க.

நிர்மலாதேவி: சரி. அன்னிக்கு வண்டியில இன்னா லோடு?

வடிவேல்: சீருங்க. எம் பொண்ணு கவிநிலாவுக்கு மஞ்சள் நீராட்டு. கருவடிக்குப்பத்துல மண்டபம். தவளக்குப்பத்துலேர்ந்து தாய்மாமன் சீர ஏத்திக்கினு வந்தேன்.

நிர்மலாதேவி: மாமன் சீர மாமன்தான் மேளதாளத்தோட கொண்டாருவாரு. பொண்ணோட அப்பனே போயி ஏத்திக்கினு வர்றது எந்த ஊரு வழக்கம்?

வடிவேல்: மச்சானுக்கு லீவு கெடைக்கல.

நிர்மலாதேவி: எங்க வேல அவருக்கு?

வடிவேல்: அவன் வந்து...

அமுதவல்லி: சொல்லாதீங்க.

வடிவேல்: ரயில்வேல. கேட்டுல.

நிர்மலாதேவி: எந்தக் கேட்டுல? ...அந்தக் கேட்டுலயேவா?

அமுதவல்லி: எந்தம்பிம்மா, தமிழ்மாறன். இடுப்புல தூக்கி வளத்த புள்ள.

நிர்மலாதேவி: வக்கீல்கிட்டயும் வைத்தியர்கிட்டயும் மறைக்கக் கூடாதும்பாங்க. நீங்க ரெண்டு பேரும் மறைச்சுட்டீங்க.

வடிவேல்: நஷ்டஈடு ரயில்வேதான குடுக்கும்? அவன் கையிலேர்ந்து வாங்க மாட்டாங்களே?

நிர்மலாதேவி: ரயில்வேதான் குடுக்கும். ஆனா நம்ம ஜெயிக்கணும்னா அவரு தப்பா தொறந்தாருன்னு நான் நிரூபிக்கணும். அதை வச்சே அவரு வேலை போவும். போலீஸ் கேஸும் அவரு கழுத்துல இறுகும்.

அமுதவல்லி: அதான் வேணாங்கறேன்!

வடிவேல்: ஒத்தக் காலோட நான் எந்த வண்டிய ஓட்டுறது? அதுக்கும் நீயே பதில் சொல்லு.

நிர்மலாதேவி: சண்ட போடாதீங்க. மறதியில தொறந்துட்டேன்னு தம்பி போலீஸ்ல எழுதிக் குடுத்துட்டாருன்னு பேப்பர்லயே வந்துச்சு. எனக்குத்தான் அது எறங்கல.

வடிவேல்: ஏன்?

நிர்மலாதேவி: அது கையால சுத்தித் தூக்கற பழைய கேட்டு. மூச்சு வாங்க நின்னு சுத்தணும். மறதியில யாரு அவ்ளோ நேரம் சுத்துவா? யாரோ தொறக்கச் சொல்லியிருக்காங்க. போலீஸ் அவரு போனை நோண்டுனா வெளிய வந்துடும். அதுக்கு முன்னாடி எனக்குத் தெரியணும்.

வடிவேல்: நான்தான் சொன்னேன்.

நிர்மலாதேவி: நீங்களா?

வடிவேல்: ஆமா. ராகு காலம் பொறக்கப் போவுது, சீரு சபைக்குப் போவணும், தொறடான்னேன். தொறந்தான். எழுதிக்கங்க.

அமுதவல்லி: பொய்யி.

வடிவேல்: வாய மூடு, அமுதா.

அமுதவல்லி: இவரு கேட்டதுக்கு அவன் முடியாதுன்னுட்டான்மா. ரயிலு வருது மாமா, ஓரமா நில்லுங்கன்னுட்டான். இவரும் நின்னுட்டாரு.

நிர்மலாதேவி: நின்னவரு அப்புறம் எப்படிப் போனாரு?

வடிவேல்: சும்மா நின்னிருக்கலாம்... மண்டபத்துக்குப் போன் போட்டேன். சீரு கேட்டுல மாட்டிக்கிச்சு, ஒந்தம்பி வுட மாட்டேங்கறான்னு இவகிட்ட சொன்னேன். அவ்ளோதாங்க சொன்னேன்.

நிர்மலாதேவி: அமுதவல்லி... என்னைப் பாருங்க. நீங்க தம்பிக்குப் போன் பண்ணீங்களா?

அமுதவல்லி: பண்ணேன்மா. மாமனும் இல்ல, சீரும் இல்ல, சபையே என் மூஞ்சியப் பாக்குதுடான்னேன். அக்கா, ரயிலு போவட்டும், செத்த பொறுத்துக்கன்னு கெஞ்சுனான். இப்ப நீ தொறக்கலன்னா எனக்குக் கூடப்பொறந்தவனே இல்லன்னு நெனச்சுக்கறேன்னு சொன்னேன்... அப்புறம் போன்ல கேட்டை சுத்துற சத்தம்தான் கேட்டுச்சு.