குரலே போதும்

இங்கே தரும் காபி நன்றாக இருக்கிறது. காவலில் இருப்பவனுக்குக் கழுநீர்தான் கிடைக்கும் என்று நினைத்திருந்தேன். காலையில் ஏலக்காய் ரொட்டி ஒன்றும் கொடுத்தார்கள், சூடாகவே இருந்தது. எனக்கு ஒரே ஒரு குறைதான். விசாரிக்கிற நீங்கள் உமியோ நகரத்தில் உட்கார்ந்திருக்கிறீர்கள், நான் இந்தச் சின்ன ஊர்க் காவல் நிலையத்தில் இருக்கிறேன், நடுவில் இந்தத் திரை. உங்கள் முகத்துக்குக் கீழே, மூலையில், ஒரு சின்னக் கட்டத்துக்குள் நானும் தெரிகிறேன். ஒரு மனிதன் தன் மூஞ்சியையே பார்த்துக்கொண்டு எதற்குப் பேச வேண்டும்? அதை அணைக்க முடியாது என்கிறார் வக்கீல். சரி, இருந்துவிட்டுப் போகட்டும்.

என் பெயர் ஸ்தூரே. வயது எழுபத்து நான்கு. முப்பத்தெட்டு வருடம் நீர்மின் நிலையத்தின் கட்டுப்பாட்டு அறையில் வேலை பார்த்தேன். ஆற்றில் ஐந்து அணைகள், எல்லாவற்றுக்கும் தொலைபேசியில்தான் உத்தரவு. "நாலாவது மதகைத் திற" என்பேன். அந்தப் பக்கத்தில் இருப்பவன் அதையே திருப்பிச் சொல்லுவான். தண்ணீர் போகும். அவர்களில் ஒருவனை என் ஓய்வு விருந்தில்தான் முதல்முறையாகப் பார்த்தேன். இருபது வருடம் என்னோடு பேசியவன். குள்ளமாக இருந்தான். அவன் முகம் எனக்குத் தெரியாது என்பதற்காக ஒரு மதகுகூடத் தப்பாகத் திறந்ததில்லை.

அதனால்தான் அந்தக் கடிதத்தை எழுதினேன், உள்ளூர்ப் பத்திரிகைக்கு. நீங்கள் அதைச் சாட்சியப் பொருளாக வைத்திருப்பதாகக் கேள்விப்பட்டேன். போனுக்கும் டேப்லெட்டுக்கும் முன்பக்கத்தில் கேமரா எதற்கு என்று கேட்டிருந்தேன். பின்பக்கத்தில் ஒன்று இருக்கிறது, சரி, பிடித்த மீனைப் படம் எடுக்கலாம். முன்பக்கத்தில் இருப்பது யாரைப் பார்க்க? 'காது உள்ளவன்' என்று கையெழுத்திட்டிருந்தேன். எழுதியது நான்தான் என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. செவ்வாய்க்கிழமைகளில் ஓய்வுபெற்றவர்கள் காபிக்குக் கூடுவோம். ஈவார் என்று ஒருவன், பழைய லாரி ஓட்டுநர், நான் உள்ளே நுழைந்ததுமே ஆரம்பித்தான்.

"உன் மூஞ்சியப் பாக்கணும்னு யாருப்பா இங்க அழுதாங்க?"

மேசையே சிரித்தது. நானும் சிரித்தேன். கோபம் வந்தது, ஆனால் சிரித்தேன். எனக்குக் கோபம் வந்தால் வெளியே தெரியாது. அதற்காகவே என்னைக் கட்டுப்பாட்டு அறையில் வைத்திருந்தார்கள்.

இனி குன்வோர் பற்றி. என் மனைவி. பள்ளிக்கூடச் சமையலறையில் முப்பது வருடம் வேலை செய்தவள். நாற்பத்தாறு வருடத் திருமணம். ஆகஸ்ட் மாதம் அவளுக்கு மூளையில் ரத்தம் அடைத்து வலது கையும் வலது காலும் விழுந்துவிட்டன. பேச்சும் போய்விட்டது. நாம் சொல்வது எல்லாம் அவளுக்குப் புரியும். பதில்தான் வராது.

ஒன்று மட்டும் மிஞ்சியது. நீங்கள் தெற்கிலிருந்து வந்தவர், பேச்சிலேயே தெரிகிறது, அதனால் சொல்கிறேன். எங்கள் வடக்கில் 'ஆமாம்' என்று வாய் திறந்து சொல்ல மாட்டோம். உதட்டைக் குவித்து மூச்சைச் சட்டென்று உள்ளே இழுப்போம். அவ்வளவுதான் எங்கள் ஆமாம். கடையில், சர்ச்சில், தொலைபேசியில், எங்கும் அது செல்லும். வெளியூர்க்காரர்கள் எங்களுக்கு என்னமோ ஆகிவிட்டது என்று பயந்துவிடுவார்கள். குன்வோரிடம் அந்த மூச்சு மிஞ்சியிருந்தது.

நகராட்சி ஒரு டேப்லெட் கொடுத்தது. முன்பு நர்ஸ் காரில் வருவார்கள், இப்போது எண்பது கிலோமீட்டர் யாரும் வருவதில்லை. தினமும் காலை ஒன்பது மணிக்குத் திரையில் வருவார்கள். எங்களுக்கு வந்தவள் பெயர் இல்வா. எங்கள் பக்கத்துப் பெண்தான், முப்பது வயது இருக்கும். குன்வோரைக் கழுவுவது, ஊட்டுவது, உடுத்துவது எல்லாம் நான். இல்வாவின் வேலை பார்ப்பது மட்டும்.

ஒரு காலை எப்படி இருக்கும் என்று சொல்கிறேன்.

"குன்வோர், கஞ்சி எப்படி இருந்துச்சு?"

குன்வோர் ஒரு புருவத்தைத் தூக்கினாள். கண்ணை மெதுவாகப் பக்கவாட்டில் உருட்டினாள், பின்னால் நின்ற என் பக்கம். பிறகு ஒரு கன்னத்தை உப்பினாள்.

"ஐயய்யோ, அவ்வளவு மோசமா? ஸ்தூரே, உப்புப் போட மறந்துட்டீங்களா?"

"போட்டேன்."

"அப்படிப் பின்னாடி நின்னு முறைக்காதீங்க. டிக்கெட் பரிசோதகர் மாதிரி இருக்கீங்க."

குன்வோரின் தோள் குலுங்கியது. சிரிக்கிறாள். திரையின் மூலையில் அந்தச் சின்னக் கட்டம், அதில் அவள் சிரிக்கிறாள், அவளுக்குப் பின்னால் நான். அப்படி ஒரு முகம் எனக்கு இருக்கிறது என்று அதுவரை எனக்குத் தெரியாது. நாற்பத்தாறு வருடத்தில் அவள் என்னை எதிர்த்து ஒரு வார்த்தை பேசியதில்லை. பேச்சு போன பிறகுதான் ஆரம்பித்தாள். என் வீட்டில், நான் ஊட்டிய கஞ்சியைப் பற்றி, ஊரார் வீட்டுப் பெண்ணிடம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பெல்ட் விஷயம் அக்டோபரில். நாற்காலியிலிருந்து விழாமல் இருக்க அவள் இடுப்பைச் சுற்றி என் பழைய பெல்ட்டைக் கட்டியிருந்தேன். இல்வா அதைப் பார்த்துவிட்டாள்.

"ஸ்தூரே, அது என்ன?"

"பெல்ட்."

"எதுக்கு?"

"விழாம இருக்கறதுக்கு."

"குன்வோர், உங்களுக்கு இதுல சம்மதமா?"

குன்வோர் மூச்சை இழுக்கவில்லை. கேமராவைப் பார்த்தாள். சும்மா பார்த்தாள், நீண்ட நேரம். இல்வாவின் முகம் மாறியது. மேலதிகாரியிடம் பேசுகிறேன் என்றாள். முதியோர் இல்லம் பற்றியும் ஒரு வார்த்தை சொன்னாள்.

அன்று மதியமே கேமராவை எடுத்துவிட்டேன். கஷ்டமில்லை. குன்வோரின் முடி உலர்த்தியால் கண்ணாடியின் ஓரத்தைச் சூடாக்கினால் பசை இளகிவிடும். உள்ளே ரிப்பன் மாதிரி ஒரு இணைப்பு, அதைப் பிடுங்கிவிட்டு மறுபடி மூடினேன். குன்வோர் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளிடம் விளக்கமாகச் சொன்னேன், நமக்குக் குரலே போதும் என்று.

மறுநாள் காலை இல்வா, "எனக்கு இருட்டா இருக்கே" என்றாள்.

"கேமரா போயிடுச்சு போல."

"புதுசு வர ரெண்டு மாசம் ஆகுமே, ஸ்தூரே. நான் வேணா ஒரு தடவை நேர்ல வரட்டுமா?"

"ரோடெல்லாம் பனி. எதுக்கு அவ்வளவு தூரம்? சத்தம் கேக்குதுல்ல?"

"கேக்குது. குன்வோர், அந்தப் பெல்ட்டை எடுத்துட்டாரா?"

குன்வோர் மூச்சை இழுத்தாள்.

"நீங்க நல்லாதான் இருக்கீங்களா?"

மறுபடியும் இழுத்தாள். இல்வா நிம்மதியாகிவிட்டாள். மேலதிகாரியிடம் பேசவும் இல்லை. அவளைக் குற்றம் சொல்லாதீர்கள். இங்கே பிறந்து வளர்ந்த பெண், அந்த மூச்சைக் கேட்டால் அவளுக்கு வேறு எப்படித் தோன்றும்? உங்களைப் போலத் தெற்கத்திப் பெண்ணாக இருந்திருந்தால் அன்றே வண்டி அனுப்பியிருப்பாள்.

அந்த மூச்சு எப்படி வந்தது என்று மூன்று நாளாகக் கேட்கிறீர்கள். சொல்கிறேன். வாதம் வந்தவர்களுக்குத் தோள் மூட்டு இறங்கிப்போய் வலிக்கும். வலது தோளில், எலும்புக்குக் கீழே, ஒரு இடம் இருக்கிறது. கட்டைவிரலை அங்கே வைத்து அழுத்தினால் மூச்சு உள்ளே போகும். பலமாக அழுத்த வேண்டிய அவசியமில்லை. கேள்வி முடியும்வரை காத்திருந்து அழுத்த வேண்டும், அவ்வளவுதான். மதகு மாதிரித்தான், நேரம் முக்கியம். இல்லை என்று பதில் வர வேண்டிய கேள்விக்குச் சும்மா இருந்துவிடுவேன்.

நவம்பர் கடைசி ஞாயிறு. எங்களுக்கு ஒரே மகள், மாலின். தெற்குக் கோடியில், மால்மோவில் இருக்கிறாள், ஞாயிறுதோறும் கூப்பிடுவாள். குன்வோருக்குக் கைக்கு எட்டாமல் டேப்லெட்டைக் குளிர்பெட்டியின் மேல் வைத்திருந்தேன். அது மணியடித்தது. நான் எடுக்கவில்லை. குன்வோர் இடது கையால் பெல்ட்டின் கொக்கியைக் கழற்றிவிட்டு எழுந்து நின்றாள். மூன்று மாதத்தில் முதல்முறை. ஒரு அடி வைத்தாள், இன்னொன்றும் வைத்தாள். நான் போய்க் கை கொடுத்தேன், பிடித்துக்கொண்டாள். அவள் முகத்தைப் பார்த்தேன். தாங்கிப் பிடித்தவன் நான், அவள் பார்த்தது அந்தத் திரையை.

கையை எடுத்துக்கொண்டேன்.

தள்ளவில்லை. அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அவள் கால் கிடந்த விதத்தைப் பார்த்ததுமே இடுப்பு முறிந்துவிட்டது என்று தெரிந்தது. ஆம்புலன்ஸைக் கூப்பிட்டால் ஆஸ்பத்திரி, ஆஸ்பத்திரிக்குப் பிறகு இல்லம், இல்லத்தில் அறைக்கு அறை முகங்கள். அவளைத் தூக்கி நாற்காலியில் வைத்து, போர்வை போர்த்தி, பெல்ட்டைக் கட்டினேன். ஒன்பது நாள் அப்படி இருந்தோம். ஜன்னலில் கிறிஸ்துமஸ் நட்சத்திர விளக்கைக்கூட மாட்டினேன், அவளுக்குப் பிடிக்கும். ஒன்பது காலையும் இல்வா கூப்பிட்டாள், ஒன்பது காலையும் குன்வோர் நன்றாக இருந்தாள். சில காலைகளில் விரலைத் தோளில் வைக்கவே வேண்டியிருக்கவில்லை, நாற்காலியைக் கொஞ்சம் அசைத்தாலே போதும்.

நான் செய்த தப்பு ஒன்றுதான், அடுத்த ஞாயிறு. அன்று மாலின் கூப்பிட்டபோது எடுத்தேன்.

"அம்மா, கிறிஸ்துமஸுக்கு நான் வரலைன்னா உனக்குப் பரவாயில்லையா?"

அவள் வரக் கூடாது என்று எனக்கு ஆசையாக இருந்தது. அழுத்தினேன். குன்வோர் மூச்சை இழுத்தாள், நன்றாகவே கேட்டது.

"சரிம்மா" என்று மாலின் வைத்துவிட்டாள்.

ஆசைப்படாமல் இருந்திருக்க வேண்டும். எந்தத் தாயும் அந்தக் கேள்விக்கு அப்படிப் பதில் சொல்ல மாட்டாள் என்று மகளுக்குத் தெரியும், எனக்குத் தோன்றவில்லை. செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்குச் சமையலறை வாசலில் நின்றாள், பூட்ஸில் பனியோடு. மேசையில் டேப்லெட் பேசிக்கொண்டிருந்தது.

"குன்வோர், வலி இல்லாம தூங்கினீங்களா?"

என் கை குன்வோரின் தோளில் இருந்தது. மாலின் கத்தவில்லை. அவள் என் பெண்.

"அப்பா, கைய எடு."

"யாரு அது?" என்றது இல்வாவின் குரல். "ஸ்தூரே, யாரு வந்திருக்கா? அங்க என்ன நடக்குது? எனக்கு ஒண்ணும் தெரியலையே."

நான் கையை எடுத்தேன். குன்வோர் மகளைப் பார்த்தாள். அந்த முகத்தில் என்ன இருந்தது என்று என்னிடம் கேட்காதீர்கள், நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆஸ்பத்திரியில் எடுத்த வீடியோவை முந்தாநாள் எனக்குப் போட்டுக் காட்டினீர்கள். டாக்டர் கேட்கிறார், அவள் கேமராவைப் பார்க்கிறாள். நாற்பது வினாடி, ஒரு சத்தம் இல்லை. அதைப் போய் சாட்சியம் என்கிறீர்கள். ஒரு முகம் எதையும் சொல்லும், பார்ப்பவன் நினைப்பதை எல்லாம் சொல்லும். எனக்கு இன்னும் அதில் ஆத்திரம்தான். என்னிடம் சொல்லாததை ஒரு கண்ணாடித் துளையிடம் சொன்னாள்.

நேற்று காலை, நுரையீரலுக்கு ரத்தக்கட்டி போய் அவள் இறந்துவிட்டதாகச் சொன்னீர்கள். சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்தீர்கள், மாறுகிறதா என்று. நானும் பார்த்தேன், அந்த மூலையில். மாறவில்லை.

சரி, எழுதிக்கொள்ளுங்கள். கேமராவைப் பிடுங்கியது நான். கையை எடுத்தது நான். முறிந்த இடுப்போடு ஒன்பது நாள் கட்டி வைத்தது நான். கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் அவளை நான் வற்புறுத்தினேன் என்று ஒரு வரி இருக்கிறது, அதை அடித்துவிடுங்கள். குன்வோர் எதற்கும் இல்லை என்று சொன்னவள் அல்ல. எங்கள் கல்யாணத்தில் பாதிரியார் அவளைக் கேட்டார், இந்த மனிதனை ஏற்றுக்கொள்கிறாயா என்று. அவள் பேசாமல் நின்றாள். அவள் கை என் கைக்குள் இருந்தது, கட்டைவிரல் மேலே. நான் கொஞ்சம் இறுக்கிப் பிடித்தேன். உடனே மூச்சை இழுத்தாள். முகத்தில் வெள்ளை முக்காடு, யாரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. ஆனால் கடைசி வரிசைவரை எல்லோருக்கும் கேட்டது, எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள், எங்கள் இரண்டு பேருக்கும் அது போதுமானதாகத்தான் இருந்தது.